திரும்பி வந்த அரசாங்க வலைகள்

சென்ற மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துச் சரண்யா போன் செய்தாள். மீன்வளத் துறையில் நான் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது இருக்கும் சார் ஆய்வாளர் அவள். வியாசர்பாடிப் பெண், கெட்டிக்காரி. எனக்கு அவளிடம் ஒரே ஒரு குறைதான். ஓய்வு பெற்றவனும் தூங்குவான் என்பது அவளுக்குத் தெரியாது.

"சார், தூங்கினு இருந்தீங்களா?"

"இல்லம்மா, உன் போனுக்குத்தான் காத்துகினு இருந்தேன். சொல்லு."

"எண்ணூர்ல இருளர் பொம்பளைங்க சங்கம் ஒண்ணு கீதே சார், ஆத்துல எறங்கிக் கையால இறால் புடிக்கிறவங்க. எல்லாச் சங்கத்தையும் இந்த மாசத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். இல்லாட்டி பதிவு போயிடுமாம். மீன்பிடிக் கருவின்னு ஒரு கட்டம் வருது. தொட்டா லிஸ்ட் விரியுது. செவுள் வலை, வீச்சு வலை, தூண்டில், கூண்டு எல்லாம் கீது. கை மட்டும் இல்ல சார்."

"கருவி இல்லைன்னு போட வழி இருக்கா?"

"கீது சார். ஆனா அத போட்டா, கருவி இல்லாதவங்கன்னு தானா ஒரு கணக்குல சேந்துடும். அடுத்த திட்டத்துல அவங்களுக்கு இலவச வலை வந்துடும். நல்லதுதானே சார், போட்டுடவா?"

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "அம்மா தாயே, கையை எடு. எதையும் அமுக்கிடாதே!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏன் சார்? வலை குடுத்தா இன்னா சார் தப்பு?" என்றாள் சரண்யா.

இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் எங்கள் துறை முழுவதும் கேட்டது. மேடையில் கேட்டார்கள், கோப்பில் கேட்டார்கள், என் முகத்துக்கு நேராகவும் கேட்டார்கள். அதற்கான பதிலைப் போனிலேயே சொன்னேன். கேட்டுவிட்டு, "இத எழுதிக் குடுங்க சார். எங்க பேட்ச்ல யாருக்கும் இது தெரியாது," என்றாள். மாத்தூர் வீட்டில், மணலி ஆலைப் பக்கத்து நாற்றக் காற்று வரும்போது ஜன்னலைச் சாத்துவதும் போனபின் திறப்பதும்தான் இப்போது எனக்கு உத்தியோகம். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரன். அப்பா, சித்தப்பா, மாமன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே குமட்டும். கடலுக்குப் போக முடியாதவன் கடலைப் பற்றிப் பேசும் உத்தியோகத்துக்குப் போகட்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். படித்தேன், தேர்வு எழுதினேன், பயிற்சிக்குப் போனேன். வலைக்கண்ணை அளப்பது, மீனின் வயதைச் சொல்வது, ஒரு பக்கத்தில் முடியும் விஷயத்தை நான்கு பக்கத்துக்குக் குறிப்பாக எழுதுவது, இவை பயிற்சியில் கற்றவை. நான்கு பக்கத்தை மறுபடி ஒரு பக்கமாக்குவதைக் கற்றுக்கொடுத்தது கமலவல்லி மேடம்.

மேடம் எங்கள் உதவி இயக்குநர். தூத்துக்குடிப் பக்கம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோப்பை மேசையில் வைத்தால் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பார், பிறகு விஷயத்தை. "என அறியப்படுகிறது", "எனத் தெரிகிறது" என்று எங்காவது இருந்தால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தள்ளுவார்.

"யாருக்குத் தெரியுது?"

"கிராமத்துல சொன்னாங்க மேடம்."

"காதால கேட்டது வேற, கண்ணால பாத்தது வேற. கேட்டிருந்தா யார் சொன்னாங்கன்னு எழுதுங்க. பாத்திருந்தா 'நேரில் கண்டேன்'னு எழுதுங்க. ரெண்டும் இல்லைன்னா பேசாம இருங்க."

இதற்காகவே சிலர் மாற்றல் கேட்டுப் போனார்கள். நான் போகவில்லை. திட்டு வாங்கினாலும் அந்த அம்மாவிடம் வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து போன கோப்பு எதுவும் 'இது உண்மைதானா' என்ற கேள்வியோடு திரும்பி வந்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்தத் திட்டம் வந்தது. பழங்குடி மக்களைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது நோக்கம். எங்கள் எல்லையில் பழங்குடியினர் என்றால் இருளர்கள். எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆற்றின் சேற்றுக் கரையோரம் அவர்களுடைய குடிசைகள். ஆளுக்கொரு வலை, மூன்று பேருக்கு ஒரு சிறு படகு என்று உத்தரவு சொன்னது. போய்ப் பார்த்து யார் யாருக்குத் தேவை என்று எழுதச் சொல்லி மேடம் என்னை அனுப்பினார்.

ராயபுரத்தில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்கி, கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே புகுந்து நடந்தேன். கடல் உள்வாங்கி, ஆற்றில் வற்றம் இறங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். முகம் மட்டும் மேலே. பனையோலையில் முடைந்த ஒரு சிறு பை, அதற்குப் பறி என்று பேர், அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறார்கள். இறால் விரலில் தட்டுப்படும். அது துள்ளுவதற்குள் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் யாரும் பேசுவதில்லை. அத்தனை பெண்கள் சேர்ந்து நின்றும் அவ்வளவு அமைதியாக இருந்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கரையேறிய முதல் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். கன்னியம்மா என்று பேர். நாற்பது வயது இருக்கும். பறியின் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துப் பேசினாள்.

"வலையா? எங்க போடச் சொல்ற சார்? உன் ஆபீஸ் மொட்ட மாடிலயா?"

"ஆத்துலதாம்மா."

"ஆத்துல வலை போடற எடமெல்லாம் பாடு கீது சார். குப்பத்துக்காரங்க பாடு. இன்னிக்கு இந்த எடம் இவுங்களுக்கு, நாளிக்கு அவுங்களுக்குன்னு பாட்டன் காலத்துலேர்ந்து மொறை வச்சிகினு வராங்கோ. நாங்க கையால தடவறோம். கைக்குப் பாடு இல்ல. அதனால எங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ. வலைய எடுத்துகினு போனம்னு வை, நாளிக்குக் காலக்கூட நனைக்க வுட மாட்டாங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. பாடு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் ஊருக்குள் எதற்கு வேண்டுமானாலும் அடித்துக்கொள்வார்கள், பாட்டை மட்டும் மீற மாட்டார்கள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கே எழுதினேன்: வலை தேவையில்லை, கொடுத்தால் தொழில் கெடும், கன்னியம்மா சொன்னார், கைத் தொழிலை நேரில் கண்டேன். மேடம் அதில் ஒரு வட்டமும் போடாமல் மேலே அனுப்பினார்.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பழங்குடி மக்களைச் சொந்தக் காலில் நிற்கச் செய்வதே அரசின் கொள்கை, களப் பணியாளர்கள் அவர்களின் தயக்கத்தைப் போக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் தாளைக் கிழிக்காமல் விட்டது பெரிய விஷயம். இடுப்பளவு ஆற்றில், பிடிக்க ஒரு கம்பு கூட இல்லாமல் நின்று சம்பாதிக்கிறவர்கள் யார் காலில் நிற்கிறார்களாம்?

வலைகள் வந்தன. பந்தல் போட்டு, மாலை போட்டு, ஒரு விழாவும் நடந்தது. மேடையில் பெரிய மனிதர்கள் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்களுக்குக் கூச்சம். வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை நான் போனபோது ஒரு குடிசையில் வலை திரைச்சீலையாகத் தொங்கியது. இன்னொன்றில் குழந்தைக்குத் தூளி. நல்ல காரியம், இப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். படகு வரவில்லை, அது வராமல் போனது எங்கள் நல்ல காலம்.

ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி இருக்கவில்லை. கன்னியம்மாவின் மருமகன் ஏழுமலை திருவொற்றியூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். கல்யாணமாகி வந்தவனுக்குப் பாடு கீடு ஒன்றும் தெரியாது. அரசாங்கமே மாலை போட்டுக் கொடுத்த வலை சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் கட்டிவிட்டான். அன்றைக்கு அந்த இடத்தின் முறை குப்பத்தில் ஒரு விதவையின் மகனுக்கு வந்திருந்தது.

குப்பத்தார் வலையை அறுத்தெடுத்துக் கோயில் வேப்பமரத்தில் கட்டினார்கள். ஏழுமலையை அடிக்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தார்கள். இனி இருளர்கள் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது, கையாலும் கூடாது என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டார்கள்.

தகவல் வந்து நான் போய்ப் பார்த்தபோது வற்றம் இறங்கிய ஆறு வெறுமனே கிடந்தது. குடிசைகளில் கிழவிகள் மட்டும். மற்ற பெண்கள் எல்லாம் கண்டெய்னர் யார்டில் பெருக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். சொந்தக் காலில் நிற்க வைக்கும் திட்டம் வந்து, சொந்தத் தொழிலில் நின்றவர்களை இன்னொருவன் வாசலில் துடைப்பத்தோடு நிற்க வைத்தது. கன்னியம்மாவை யார்டு கேட்டருகே பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தூசிக்குள் நின்றாள்.

"வலை வாணாம்னு சொன்னேனா இல்லியா சார்?"

"சொன்னீங்கம்மா. எழுதினேன்."

"எழுதி இன்னா ஆச்சு?" என்றாள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். வழக்கம்போலக் கேட்டார். "கேட்டீங்களா, பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். ஆத்துல ஒருத்தர் இல்ல."

பேனாவை மூடி வைத்தார். "நாளைக்குப் போவோம். முதல்ல குப்பத்துக்கு. தடுத்தவங்ககிட்டத்தான் முதல்ல பேசணும். கன்னியம்மாவும் அங்க இருக்கணும்."

கோயில் மண்டபத்தில் கூட்டம். குப்பத்துத் தலைவர் கோதண்டம். நல்ல உயரம், கணீர் குரல். என்னைக் கண்டதும் தோளில் கை போட்டு ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னா நைனா, நீ ராயபுரத்து ஆளு. பாடுன்னா இன்னான்னு உனக்கு நான் சொல்லணுமா? நம்மாளு நீயே அவுங்களுக்கு வலை குடுத்தா எப்டி? அந்தம்மாவக் கூட்டினு போய்டு. நாங்க பாத்துக்கறோம்."

"வலை குடுத்தது தப்பு தலைவரே. அத நானே எழுதியிருக்கேன். ஆனா தப்பு பண்ணது ஆபீஸு. தண்டனை அந்தப் பொம்பளைங்களுக்கா?"

"அப்ப நீ அவுங்க பக்கமா?"

"சம்பளம் வாங்கறேனே தலைவரே, எல்லார் பக்கமும்தான்," என்றேன். அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் குப்பத்தில் என்னை நம்மாளு என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது வலித்தது. ஆனாலும் அந்தப் பதிலைச் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

மேடத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கன்னியம்மா மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றாள். மேடம் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா," என்றார் கோதண்டம்.

"அந்த அம்மாவுக்கும் ஒண்ணு வரட்டும்," என்றார் மேடம்.

யாரும் அசையவில்லை. மேடமும் அசையவில்லை. அரசு அதிகாரி நின்றால் யாரும் உட்கார முடியாதே. பெரியவர்கள் எல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கோதண்டத்தின் மனைவியே வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போட்டாள். கன்னியம்மா உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் பேச்சு ஆரம்பமானது.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த வலைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார். கைத் தொழில் செய்யும் பெண்களுக்குத் தனியாக ஒரு சங்கம் பதிவு செய்யப் போகிறோம், அடையாள அட்டை வரும், மழைக்கால நிவாரணம் வரும், அதில் உங்கள் பாட்டுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை என்றார்.

கோதண்டம் கெட்டிக்காரர். யோசித்துவிட்டுச் சொன்னார். "இன்னிக்குக் கைன்னுவாங்க. நாளிக்குச் சங்கம்பாங்க. சங்கத்துக்குக் கவர்மெண்டு மறுக்கா வலை குடுக்கும். ஒரே வார்த்த. இனிமே எந்தக் காலத்துலயும் வலையத் தொட மாட்டோம்னு சங்கத்து விதியிலயே எழுதிடுங்க. நாளிக்கே எறங்கட்டும். நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர்கள்தான் வலையே வேண்டாம் என்கிறவர்களாயிற்றே. பேனாவைத் திறந்து எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

"எழுதாத சார்," என்றாள் கன்னியம்மா.

கையில் வந்ததைத் தட்டிவிடுகிறாளே இந்த அம்மா!

"ஏன்?" என்று கேட்டார் மேடம். அதே தணிந்த குரல்.

கன்னியம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "வலை வாணாம்னு சொன்னவ நானு. யாரு சொல்லியும் சொல்லல, என் வாயால சொன்னேன். நாளிக்கு என் பேத்தி வலை வேணும்னு நெனச்சா, இவுங்ககிட்ட வந்து பாடு கேப்பா. குடுக்கறதும் குடுக்காததும் இவுங்க இஷ்டம். கேக்கவே கூடாதுன்னு அவளுக்கும் சேத்து நான் இப்பவே எழுதிக் குடுக்கணுமா? ஒருத்தரு வந்து வலையப் புடின்றாரு. ஒருத்தரு வந்து வலையத் தொடாதன்றாரு. எங்க கைய இன்னா பண்றதுன்னு எங்களத் தவிர எல்லாரும் சொல்றாங்கோ."

அவள் கோதண்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரல் இறங்கியது.

"தலைவரே, பாட்டுல நாங்க கால் வைக்க மாட்டோம். அது உன் பாட்டன் மொறை. என் மருமவன் தெரியாம வச்சான், அதுக்கு நான் கும்புடறேன். ஆனா பாடு இல்லாத தண்ணி கீதே, முட்டிச் சேறு, மரத்தோரம், எங்க ஆத்தா தடவின எடம். அது யாருது? நீயே சொல்லு. உன் வாயால சொல்லு."

கோதண்டம் வெகுநேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் அந்த வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நியாயம் தெரிந்த மனிதர் அவர். பாட்டைக் காப்பாற்றுகிற ஆளுக்கு, பாடு எங்கே முடிகிறது என்றும் தெரிந்துதானே இருக்க வேண்டும்.

"அது யாருதும் இல்ல," என்றார் கடைசியில். "எறங்கினவங்களுது."

மேடம் என்னைப் பார்த்தார். "அதையே எழுதுங்க. சொன்னவர் பேரையும் போடுங்க."

எழுதினேன். பாடு முறைக்கு உட்பட்ட இடங்களில் சங்கத்தார் இறங்குவதில்லை, மற்ற நீர் இறங்கித் தொழில் செய்வோருடையது, குப்பத்துத் தலைவர் கோதண்டம் கூறக் கேட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டார், கன்னியம்மாவும் கைநாட்டு வைத்தாள். வலையைத் தொடுவது பற்றியோ தொடாதது பற்றியோ ஒரு வார்த்தை அதில் கிடையாது.

மறுநாள் வற்றத்துக்குப் பெண்கள் இறங்கினார்கள். அன்றைக்கு மேடமும் வந்தார். சங்கம் பதிவு செய்வதற்கு முன் தொழிலையும் கருவியையும் ஓர் அதிகாரி சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கரையில் நின்று பார்த்தாலே போதும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் அப்படித்தான் செய்திருந்தேன். மேடம் செருப்பைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், கஞ்சி போட்ட புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

"மேடம், சேறு வழுக்கும்!"

"தெரியுது," என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு அடி போனார்.

கன்னியம்மா பறியைப் பல்லில் கடித்திருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. மேடத்தின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ச் சேற்றில் அழுத்தினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே குனிந்து நின்றார்கள். பிறகு மேடம் "ஆ!" என்று கையை வெடுக்கென்று எடுத்தார். இறாலின் தலையில் இருக்கும் முள் குத்தியிருந்தது. விரல் நுனியில் ரத்தம். இறால் போய்விட்டது. நீரில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பறிக் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

கரையேறியதும் ஈரக் கையோடு கோப்பை வாங்கினார். கருவி என்ற இடத்தில் 'கை' என்று எழுதினார். பக்கத்தில், 'நேரில் கண்டேன்'. கீழே கையெழுத்து. தாளின் ஓரத்தில் அவர் விரலின் ரத்தக் கறை லேசாக ஒட்டியிருந்தது. அந்தக் கோப்பு மேலே போய், கை எப்படிக் கருவியாகும் என்று கேட்டு வந்தது. நீரில் இறங்கிப் பார்க்கவும் என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார். யாரும் இறங்க வரவில்லை. சங்கம் பதிவானது.

வலைகளைத் திருப்பிக் கொடுத்த கதைதான் பாக்கி. அரசாங்கத்தில் இலவசமாகக் கொடுக்க ஆயிரம் விதி உண்டு. கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரு விதியும் கிடையாது. வேப்பமரத்து வலை, திரைச்சீலை வலை, தூளி வலை எல்லாவற்றையும் ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி டோல்கேட் வழியாகக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். கிடங்குப் பொறுப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் இது? கிழிஞ்சிதா?"

"இல்ல."

"மட்டமான சரக்கா?"

"நல்ல சரக்கு."

"அப்ப இன்னாத்துக்கு சார் திருப்பினு வந்தே? கிழிஞ்சதுன்னா வாங்கிக்குவேன். மட்டம்னா வாங்கிக்குவேன். நல்லதத் திருப்பி வாங்க இங்க எடமே இல்லியே! என்ன பேஜாருல மாட்டி வுடாத சார்."

மேடத்துக்குப் போன் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'பயனாளி வேண்டாம் என்றார்' என்று எழுதித் தன் பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தணிக்கைக்காரர்கள் வருஷா வருஷம் அந்த வரியில் வந்து முட்டிக்கொண்டார்கள். வருஷா வருஷம் மேடம் அதே பதிலைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல ஒரு குடிமகளுக்கு உரிமை உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம்.

என் உத்தியோகத்தில் நான் கொடுத்தவை ஏராளம். ஐஸ் பெட்டி, என்ஜின், சைக்கிள், தையல் மெஷின். எதுவும் மனதில் நிற்கவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு போன அந்த ஒரு வண்டி வலைதான் நிற்கிறது. யாராவது என்னிடம் நீ என்ன சாதித்தாய் என்று கேட்டால் அந்த வண்டியைத்தான் சொல்வேன். மார்தட்டியே சொல்வேன்.

சரி, சரண்யாவுக்கு வருவோம். அன்று போனில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப நான் இன்னா சார் பண்றது? லிஸ்ட்ல கை இல்லியே?" என்றாள். போய்ப் பார், பார்த்ததை எழுது என்று மட்டும் சொன்னேன். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவு போனால் அட்டை போகும். அட்டை போனால் நிவாரணமும் போகும். பதிவைக் காப்பாற்ற 'கருவி இல்லை' என்று போட்டாலோ, பின்னாலேயே வலை வரும். இந்தத் தடவை அதைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வண்டியும் இல்லை, அதிகாரமும் இல்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"சார், லிஸ்ட்ல 'மற்றவை'ன்னு கடைசில ஒண்ணு இருந்துச்சு சார். அத அமுக்கினா கருவியோட போட்டோ கேட்டுச்சு. எல்லாரு கையையும் போட்டோ எடுத்து ஏத்திட்டேன். கன்னியம்மா கை, அவுங்க பொண்ணு கை, பேத்தி கை. பேத்தி இப்பத்தான் சார் சங்கத்துல சேந்துகீது."

"ஏத்துக்கிச்சா?"

"மேலேர்ந்து போன் வந்துச்சு சார். இன்னாம்மா, கருவி போட்டோ கேட்டா கை போட்டோ அனுப்பிகீறேன்னு ஒருத்தர் கத்தினாரு. கருவியே அதான் சார், நேரில் கண்டேன்னேன். அப்பறம் சரி வையின்னுட்டாரு. பதிவு ஓகே ஆயிடுச்சு சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? போனை வைத்ததும் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டேன். மேடத்துக்கு வயதாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். சத்தமாக, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் வார்த்தையையே அந்தப் பெண் திருப்பிச் சொல்லியிருக்கிறாள் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தண்ணில இறங்கினாளா, கரையில நின்னாளா?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. இருங்கள் மேடம் என்று வைத்துவிட்டு, மறுபடி சரண்யாவைக் கூப்பிட்டேன்.

"எறங்காம எப்டி சார்?" என்றாள் அவள். "வெரல்ல முள்ளு குத்தி இன்னும் வீங்கினு கீது."